உள்ளங்கையைக் கடைசியில் அவிழ்ப்போம்

இப்போதெல்லாம் தீக்காய வார்டுகளில் தொட்டி கிடையாதாம். வசந்தா போனில் சொன்னாள். ஒருவர் உடம்பில் இருக்கும் கிருமி தொட்டி வழியாக அடுத்தவருக்குப் போகிறது என்று கண்டுபிடித்து எடுத்துவிட்டார்களாம். இப்போது படுக்க வைத்து, மயக்கம் கொடுத்து, மேலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்களாம். நல்லதுதான். ஆனாலும் போனை வைத்த பிறகு என் முழங்கையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தோஹாவில் இருந்த வருஷங்கள் முழுக்கத் தொட்டித் தண்ணீரின் சூடு பார்த்தது இந்த முழங்கைதான்.

அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். வசந்தா எங்கள் வார்டுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த நர்ஸ்.

"அக்கா, நீங்க அந்த டாங்கிக்காரர் விஷயத்தை எழுதுங்க. அன்னைக்கு பகவதி சிஸ்டர்கூட ரூமுக்குள்ள இருந்ததுல நீங்கதான் மிச்சம்."

"நான் அஞ்சாங் கிளாஸ், தாயி."

"அப்ப அஞ்சாங் கிளாஸ் அளவுக்கு எழுதுங்க" என்று வைத்துவிட்டாள்.

நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள் நான். எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இன்ஜினியர் குடும்பத்தோடு பிள்ளை பார்க்கிற ஆயாவாகத்தான் தோஹாவுக்குப் போனேன். அவர்களுக்கு மஸ்கட்டுக்கு மாற்றலானபோது, என்னைத் திருப்பி அனுப்ப மனசு வராமல் அந்த அம்மா ஆஸ்பத்திரியில் சொல்லி வார்டு ஆயாவாகச் சேர்த்துவிட்டார். வேலை கற்றது எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான். முதலில் துணி வெளுத்தேன், பிறகு பெட்பேன் கழுவினேன், பிறகு எந்த வாளிக்கு எந்தத் துணி என்று தெரிந்துகொண்டேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. தீக்காய வார்டுக்குப் போட்ட அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே வேலை தொடங்கியது. ஏனென்றால் அங்கே பகவதி சிஸ்டர் இருந்தார்.

நாகர்கோவில்காரர். கறுத்து, ஒல்லியாக, சத்தமே இல்லாமல் நடப்பார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் தாழ்வாரத்தில் வருகிறார் என்றால், சாய்ந்து நிற்கிறவர்கள் நிமிர்ந்துவிடுவார்கள். அவருடைய வார்டில் ஒரு சட்டம் உண்டு.

"டிரெஸ்ஸிங் நடக்கும்ப ரூமுக்குள்ள ரெண்டு வக ஆளுதான் உண்டு, கேட்டியா. ஒண்ணு காயம்பட்டவன். இன்னொண்ணு வேல செய்யுக ஆளு. மூணாவது வக கிடையாது."

சும்மா நின்று பார்க்கிற கண், காயம்பட்டவனுக்குக் கூடுதல் காயம் என்பார். அதனால் யார் உள்ளே வந்தாலும் கை கழுவி, கவுன் மாட்டி, மாஸ்க் கட்டி, கையில் ஒரு வேலையோடு நிற்க வேண்டும். ஒரு தடவை ஆஸ்பத்திரி முதீர், அதாவது மேனேஜர், வெள்ளை அங்கி பளபளக்க வார்டைப் பார்வையிட வந்தார். சிஸ்டர் அவர் கையில் அழுக்குத் துணி போடும் தட்டைக் கொடுத்துவிட்டார். அந்தப் பெரிய மனிதர் கடைசிவரை தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ், அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் எங்கள் வார்டுக்கு இரண்டு புது ஃபேன் வந்தது.

தொட்டி வேலை இப்படித்தான் நடக்கும். காலையில் நான் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வெந்நீர் நிரப்பி, உப்பைக் கொட்டிக் கலக்கி, முழங்கையால் சூடு பார்ப்பேன். சிஸ்டர் வலி ஊசி போட்டிருப்பார். அது ஏறியதும், துப்பட்டியின் நாலு முனையையும் பிடித்து ஆளைத் தண்ணீரில் இறக்குவோம். கட்டை இழுத்துப் பிரிக்கவே கூடாது. அது ஊறி, தானாக விட்டுக் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு இடுக்கியால் செத்த தோலை எடுத்து, வெள்ளைக் களிம்பு பூசி, புதுக் கட்டு. கையாக இருந்தால் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிக் கட்டு. சேர்த்துக் கட்டினால் ஆறும்போது விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும், பிறகு அது கையே இல்லை.

"வலிக்காதுன்னு ஒருத்தன்கிட்டயும் சொல்லாத, அங்கம்மா. வலிக்கும். அவனுக்கே தெரியும். எங்க தொடப் போறேங்கத மட்டும் முன்னாடியே சொல்லிடு. அது போதும்."

அதனால் சிஸ்டர் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு விரலின் பெயரையும் அரபியில் சொல்லுவார். சுண்டு விரல் கின்சர். மோதிர விரல் பின்சர். நடுவிரல் வுஸ்தா. ஆட்காட்டி விரல் சப்பாபா. கட்டை விரல் இப்ஹாம். எல்லா விரலும் முடிந்த பிறகு, கடைசியாக, கஃப். உள்ளங்கை. இந்த வரிசை மாறவே மாறாது. கிடப்பவன் அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டே மறுகரைக்குப் போய்விடுவான். எனக்கு அரபியில் வேறு என்ன மறந்தாலும் இந்த ஆறு வார்த்தை மறக்காது.

எழுபதுகளின் கடைசி. தெற்கே, பெரிய பாலைவனத்துக்கு அந்தப் பக்கம், ஒரே பாஷை பேசுகிற இரண்டு நாடுகளுக்கு நடுவில் எல்லைச் சண்டை மூண்டது. தோஹாவின் நஜ்மா கடைத்தெருவில் ரேடியோ வைத்திருக்கும் கடை வாசலில் எல்லாம் கூட்டம். சண்டை தொடங்கிய சில நாட்களிலேயே அடிபட்டவர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் வந்தார்கள். அங்கே உள்ள ஆஸ்பத்திரிகளில் இடமில்லையாம். எங்கள் வார்டுக்கு வந்தவர்களில் ஒருவர் சாலிஹ். ஒரு டாங்கிக்கு, அதாவது பீரங்கி வண்டிக்கு, தலைவராக இருந்தவர். முப்பது வயது இருக்கும். முகம் கொஞ்சம் வெந்திருந்தது. கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெளுப்பாக, யாரோ பார்த்துப் பார்த்துத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கைகள் இரண்டும்தான் மோசம்.

கை வெந்து வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தீ பாயும்போது எல்லோரும் முகத்தை மறைக்கக் கையைத் தூக்குவார்கள். அதனால் புறங்கைதான் வேகும், உள்ளங்கை தப்பித்துவிடும். இவருக்குப் புறங்கை லேசாகத்தான் வெந்திருந்தது. இரண்டு உள்ளங்கையும் ஆழமாக வெந்து, இரண்டிலும் குறுக்கே தடியாக ஒரு பள்ளம், அதன் இரண்டு முனையிலும் ஒரு வட்டம். சூட்டுக்கோல் வைத்தது போல. எரிகிற வண்டியில் இரும்புக்கா பஞ்சம், எதையோ தொட்டிருப்பார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியில் இறக்கும்போதுகூடச் சத்தம் போட மாட்டார். கூரையைப் பார்த்துக்கொண்டு, சிஸ்டர் "கின்சர்" என்றால், "கின்சர்" என்று மெதுவாகத் திருப்பிச் சொல்வார்.

எங்கள் வார்டில் உஸ்மான் பாய் என்று ஒருவர் வேலை பார்த்தார். கீழக்கரைக்காரர். ஆம்பளை நோயாளிகளைத் தூக்குவது, திருப்புவது, சவரம் செய்வது எல்லாம் அவர் வேலை. முன்பு ஒரு அரபி வீட்டில் இருந்ததால் அரபி தண்ணீர் பட்ட பாடு. அடிபட்டு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்து, கேட்டதையெல்லாம் எனக்குச் சொல்லுவார். நான் சோறு ஊட்டுவேன், அவர் கதை ஊட்டுவார்.

அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். எல்லையில் ஒரு ஊரை எதிராளி பிடித்துவிட்டான். அதை மீட்க இவர்கள் டாங்கிகளை வரிசையாக அனுப்பினார்கள். போகிற வழி ஒரு காட்டாற்றுத் தடம், இரண்டு பக்கமும் பாறை. கால்படை பின்னால் வரும் என்றார்கள், வரவில்லை. முதல் டாங்கி அடிபட்டது. அடுத்து, கடைசி டாங்கியை அடித்தான். நடுவில் மாட்டியவை முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் திரும்ப முடியாமல் நின்றன.

"வீடு மாதிரி இரும்பு, அக்கா. அது எரியுமாம். இரும்பு எரியுமான்னு கேட்டேன். உள்ள இருக்கிற எண்ணெயும் குண்டும் எரியுதாம், இரும்பு சும்மா கூட நிக்குமாம்."

எங்கள் ஊரில் வைக்கோல்போர் எரிந்துதான் நான் பார்த்திருக்கிறேன். அதற்கே ஊர் கூடிவிடும். வீடு அளவு இரும்பு வரிசையாக நின்று எரிவதை மனசுக்குள் வைத்துப் பார்த்தேன். வைக்க முடியவில்லை. அதற்குள் இருந்து வந்த மனிதருக்குத்தான் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு காலை, அவர் அறை வாசலில் நாற்காலி போட்டு ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி வைத்திருந்தான். ஆனால் சின்னப் பையன் முகம். என்னைப் பார்த்ததும், "மாமா, சாய்?" என்று கேட்டான். அரபியில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். டீ கொடுத்தேன். குடித்தான். உள்ளே இருப்பவரைப் பார்க்கவே இல்லை.

உஸ்மான் பாய் என்னைத் துணி ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"அக்கா, மோசம் போச்சு. வண்டி எரியிறதுக்கு முந்தியே சாலிஹ் குதிச்சு ஓடிட்டாருன்னு பின் வண்டிக்காரங்க சொல்லிட்டாங்களாம். அந்த ஊர்ல தோத்துட்டாங்கல்ல? யாரால தோத்தோம்னு தேடுறாங்க. விசாரிக்க ஒரு ஆபீசர் வர்றாரு."

"ஓடுனாருன்னு ஆனா?"

"கொண்டுபோய்ச் சுட்டுருவாங்கக்கா. சண்டை நேரம். யாரு கேக்கப் போறா?"

நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். மடித்த துணியையே திரும்ப மடித்தேன். எதற்காக இந்த விரல்களைத் தனித்தனியாகக் கட்டுகிறோம் என்று இருந்தது. சிஸ்டரிடம் கேட்கவும் செய்தேன். அதுவே எனக்குப் பெரிய தைரியம்.

"சுடப் போறவங்களுக்கு இந்தக் கை எதுக்கு சிஸ்டர்?"

"அவனுக்கு வேணும்லா" என்றார்.

அந்த ஆபீசர் வந்தது டிரெஸ்ஸிங் நேரத்தில். நல்ல உயரம், நரைத்த மீசை, பூட்ஸ் சத்தம் தாழ்வாரம் முழுக்க. அவரும் டாங்கிப் படைக்காரர்தான் என்று உஸ்மான் பாய் முணுமுணுத்தார். ஆபீசர் கட்டில் அருகே நின்று கேட்கத் தொடங்கினார். உஸ்மான் பாய் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"'வண்டிய விட்டு இறங்குனியா'ங்குறாரு. 'ஆமா'ங்குறாரு. 'எரியிறதுக்கு முந்தியா'ங்குறாரு. அதுக்கும் 'ஆமா'ங்குறாரு. 'ஓடுனியா'... யா அல்லாஹ், அதுக்கும் 'ஆமா'ங்குறாரேக்கா!"

அப்போது சிஸ்டர் உள்ளே வந்தார். ஊசி போட்டாகிவிட்டது. தொட்டியும் ரெடி.

"உஸ்மானே, அவர்கிட்ட சொல்லு. மருந்து ஏறியாச்சு. அது இறங்கதுக்குள்ள நான் கைய முடிக்கணும். பேசணும்னா வெளிய இருந்துட்டு அப்புறம் வரட்டு. உள்ள நிக்கணும்னா கவுன் போடட்டு."

உஸ்மான் பாய் சொன்னார். ஆபீசர் சிஸ்டரை மேலிருந்து கீழே பார்த்தார். மாலை விமானத்தில் போக வேண்டும், தன் கேள்வி இன்னும் முடியவில்லை என்றார்.

"அப்ப கவுன்" என்றார் சிஸ்டர்.

நான்தான் மாட்டிவிட்டேன். அவர் உயரத்துக்குக் கவுன் முழங்கால்வரைதான் வந்தது. தொப்பியை வாங்கி ஜன்னலில் வைத்தேன். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார் சிஸ்டர். கழுவினார். மாஸ்க் கட்டியதும் மீசை மறைந்துவிட்டது. கண் மட்டும்தான். அந்தக் கண்ணைப் பார்த்தால் பயம் கொஞ்சம் குறைவாக இருந்தது.

சாலிஹைத் தொட்டியில் இறக்கினோம். கட்டு ஊறட்டும் என்று நின்றோம். தண்ணீர் ஆறினால் ஊற்ற உஸ்மான் பாய் வெந்நீர் வாளியோடு நின்றார், நான் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஆபீசரைப் பார்த்து, சாலிஹின் முழங்கையைக் காட்டி, பிடியுங்கள் என்று சைகை செய்தார். அவர் குனிந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். சிஸ்டர் கட்டின் நுனியை எடுத்தார்.

"உஸ்மானே, விரலுக்குப் பேரு நான் தொடதுக்கு முன்னாடி அவரு சொல்லணும். அவரு பாஷ தானே. என்னவிட நல்லா சொல்லுவாரு."

உஸ்மான் பாய் சொன்னதும் ஆபீசர் புரியாதவர் போலப் பார்த்தார். சிஸ்டரின் இடுக்கி சுண்டு விரலுக்கு மேலே காற்றில் காத்துக்கொண்டு நின்றது. அவர் சொல்லும்வரை அது இறங்காது என்று தெரிந்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"கின்சர்."

"கின்சர்" என்றார் சாலிஹ், கூரையைப் பார்த்து.

பின்சர். வுஸ்தா. சற்று முன்பு கேள்வி கேட்ட குரல்தான் அது. ஆனால் ஒவ்வொரு விரலுக்கும் இறங்கிக்கொண்டே வந்தது. சப்பாபா என்றபோது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இப்ஹாம் முடிந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தண்ணீரில் சிவப்பாகக் கிடந்தன. கடைசியில் உள்ளங்கை மேல் ஒட்டியிருந்த துணியைச் சிஸ்டர் தொட வேண்டும். ஆனால் அது ஊறித் தானாகவே நழுவி மிதந்துவிட்டது.

ஆபீசர் 'கஃப்' என்று சொல்லவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். குறுக்கே அந்தப் பள்ளம், இரண்டு முனையிலும் வட்டம். தன் முகத்தை அதன் கிட்டே கொண்டுபோனார். பிறகு இன்னொரு கையையும் காட்டச் சொன்னார். அதன் கட்டும் ஊறி விட்டிருந்தது. அதிலும் அதே அடையாளம். அவர் கேட்டார், சாலிஹ் சொன்னார். உஸ்மான் பாய் வாளியைக் கீழே வைக்க மறந்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"'இது டிரைவர் மூடியோட பிடி. இது வெளிப் பக்கம்தான் இருக்கும். உள்ள இருந்து ஓடுறவன் கை இதுல படாது'ங்குறாரு. 'நீ திரும்பி வந்தியா'ங்குறாரு."

"சாலிஹ் என்ன சொல்றாரு?" என்று கேட்டது நான்தான். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"'நீங்க அத கேக்கலையே'ங்குறாரு."

பிறகு சாலிஹ் பேசினார். கூரையிடம் பேசுவது போலத்தான். வண்டி அடிபட்டு நின்றது, எல்லோரும் இறங்குங்கள் என்று கத்திவிட்டு முதலில் குதித்தது தான்தான். பாறைக்கு ஓடியதும் உண்மை. மேலே இருந்தவர்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். டிரைவர் மட்டும் வரவில்லை. டிரைவருக்கு முன்பக்கம் தனி மூடி. அது மாட்டிக்கொண்டது. அதற்குள் தீப்பிடித்துவிட்டது.

"'போய் ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன். வரல. உள்ள இருந்து அவன் தட்டிக்கிட்டு இருந்தான்'ங்குறாரு." உஸ்மான் பாய் வாளியைக் கீழே வைத்தார். "'தட்டுறது நிக்கிற வரைக்கும் பிடிச்சிருந்தேன். மூடி திறக்கல. அப்புறம் நான் வந்தா என்ன, வராட்டி என்ன'ங்குறாருக்கா."

பழுத்த இரும்பில் கை பட்டால் உடம்பு தானாகவே கையை இழுத்துக்கொள்ளும். யோசிக்கவே வேண்டாம். கருவாடு வறுக்கிற சட்டியில் பட்டாலே நாம் இழுத்துக்கொள்கிறோம். இந்த மனிதர் இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளே தட்டுகிறவனுக்கு வெளியே ஆள் இருக்கிறது என்று தெரியட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் எத்தனையோ கோயில் பார்த்திருக்கிறேன். அந்தத் தொட்டி ஓரத்தில் நின்றது போல எந்தச் சன்னிதியிலும் நின்றதில்லை. அவர் தலை என் கையில் இருந்தது. அதைத் தாங்க எனக்கு என்ன தகுதி என்று தோன்றியது.

சிஸ்டரின் இடுக்கி உள்ளங்கைக்கு மேலே, முன்பு போலவே காற்றில் காத்துக்கொண்டு நின்றது. அவர் ஆபீசரைப் பார்த்தார்.

ஆபீசர் மாஸ்க்குக்குள் மூச்சு இழுப்பது தெரிந்தது.

"கஃப்" என்றார்.

"கஃப்" என்றார் சாலிஹ்.

சிஸ்டர் தொட்டார். அதன் பிறகு களிம்பு பூசி, ஒவ்வொரு விரலாகச் சுற்றி, உள்ளங்கையில் துணிச் சுருள் வைத்து, விரல்களை நீட்டிப் பலகையில் கட்டி முடிக்கும்வரை ஆபீசர் அந்த முழங்கையை விடவில்லை. கவுன் நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது. விரல்களின் பெயரை யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

முடிந்ததும், "கைய கழுவிட்டுப் போகச் சொல்லு" என்றார் சிஸ்டர்.

குழாயடியில் அவர் வெகுநேரம் கை கழுவினார். நான் தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். "ஷுக்ரன், யா உம்மி" என்றார். நன்றி அம்மா என்று, எனக்குப் போய்.

தொட்டியைக் கழுவும்போது நான் சிஸ்டரிடம் கேட்டேன். "அந்த அடையாளம் அவருக்குத் தெரியும்னு நெனச்சுத்தான் பிடிக்கச் சொன்னீங்களா சிஸ்டர்?"

"எட்டீ, எனக்கு டாங்கியப் பத்தி என்ன தெரியும்? ஒரு ஆளு தேவைப்பட்டுது. உஸ்மான் கையில வாளி இருந்துது."

இன்றுவரை அதை நம்பவா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

சாலிஹின் கை முழுசாகச் சரியாகவில்லை. விரல்கள் தனித்தனியாகப் பிழைத்தன. உள்ளங்கை மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. எதையோ பிடித்திருப்பது போலவே இருக்கும். அந்த ஊர் மீட்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. அவர் நாட்டுக்குத் திரும்பிப் போன பிறகு என்ன ஆனார் என்றும் தெரியாது. போகும்போது தானே கோப்பையைப் பிடித்து டீ குடித்தார். அதைப் பார்த்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த டிரெஸ்ஸிங்குக்கு மறுநாள் காலை. டீயோடு போனேன், காவலாளிப் பையனைக் காணோம். அவனுடைய நாற்காலி மட்டும் வாசலில் கிடந்தது. அவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், இனிக் காவல் கிடையாது என்று உஸ்மான் பாய் ஓடிவந்து சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிஸ்டர் வந்தார். நாற்காலியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"அத என்னத்துக்கு வெளிய போட்டிருக்க? டெட்டால் போட்டுத் தொடச்சு உள்ள கொண்டு வா. அவன் இன்னைக்கு எந்திரிச்சு உக்காரட்டு."

துடைத்து உள்ளே கொண்டுபோனேன். உஸ்மான் பாய் தாங்கிப் பிடிக்க, சாலிஹ் கட்டிலை விட்டு இறங்கி, வந்ததிலிருந்து முதல் முறையாக, அதில் உட்கார்ந்தார். இரண்டு கையும் வீக்கம் இறங்க ஸ்டாண்டில் உயரத் தொங்கின. வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அவர் தோள் குலுங்கத் தொடங்கியது, சத்தமே இல்லாமல். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அங்கம்மா" என்றார் சிஸ்டர், தட்டில் துணியை எண்ணிக்கொண்டே. "சும்மா நிக்காத. நாற்காலிய பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன்.